கருவியின் மௌனமும் காணாமற்போன மோதிரமும்



கடந்த சில மாதங்களாக நம் சபை வாலிபர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போதும் கேட்கிறார்கள். சந்தைக் கூட்டத்தில் என்னை நிறுத்தியும் கேட்கிறார்கள். "ஐயா, மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கலாமா?" என்பதே அந்தக் கேள்வி. அதன் பின்னணி உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் மாதத் தொடக்கத்தில், நம் ஜவ்வாது மலையின் கோவிலூரில், பழைமையான சிவன் கோயிலின் திருப்பணிக்காகத் தோண்டியபோது மண்பானை ஒன்றில் 103 பொற்காசுகள் கிடைத்தன. அந்தச் செய்தி மலையெங்கும் பரவிய நாள்முதல், தன் கொல்லையிலும் ஒரு பானை புதைந்திருக்கக்கூடும் என்று ஒருமுறையாவது நினையாதவர் இங்கே குறைவு.

ஆகவே இந்த வாரம் அந்தக் கருவியைப் பற்றியே எழுதுகிறேன். நாணயத்தையும் நகையையும் தேடுவதற்கு அதை எவ்வாறு சரிப்படுத்துவது என்பதையும் சொல்கிறேன். ஒரு போதகருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் ஓர் அரைப்பவுன் மோதிரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், புதையல் கனவோடு வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோவிலூரில் அந்தக் காசுகள் திருப்பணி செய்த தொழிலாளரின் கையில் அகப்பட்டவை. கருவி கொண்டு யாரும் தேடிப் போகவில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 பொற்காசுகள் கிடைத்தபோதும் அப்படியே. அவையும் கோயில் நிலத்தைச் சீர்படுத்தியபோது வெளிவந்தவையே. இரண்டு இடத்திலும் கிடைத்தவை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்தாக வேண்டும். கோயில் நிலத்திலும், நடுகற்கள் நிற்கும் இடத்திலும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் கருவியோடு நுழைவதை நான் யாருக்கும் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சொந்த நிலத்தில், அல்லது உடைமையாளரின் சம்மதத்தோடு அவர் நிலத்தில், நாம் தொலைத்த பொருளைத் தேடுவதற்கு மட்டுமே இந்த வழிமுறைகளைச் சொல்கிறேன். அதற்கே இந்தக் கருவி பெரும் உதவி.

இனி, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கைத்தடியின் முனையில் தட்டுப்போல ஒரு பகுதி இருக்கிறது அல்லவா, அதற்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு உண்டு. ஒன்று பேசும், மற்றொன்று கேட்கும். பேசும் சுருள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சிறு சுழல் மின்னோட்டம் எழும்பும். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். கேட்கும் சுருள் அதைப் பெற்றுக்கொள்கிறது. அந்தப் பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்துத்தான் கீழே கிடப்பது இரும்பா, ஈயமா, வெள்ளியா என்று கருவி கணிக்கிறது. கணிக்கிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்ணைத் திறந்து பார்த்தது போல அது எதையும் அறிவதில்லை.

இந்தக் கருவியின் முன்னோடியைப் பற்றி ஒரு துயரச் சரித்திரம் உண்டு. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இதே சுருள் தத்துவத்தில் ஒரு கருவி செய்து வெள்ளை மாளிகைக்கு எடுத்துச்சென்றார். கருவி நன்றாக வேலை செய்யக்கூடியதுதான். முன்னதாகச் செய்த பரிசோதனைகளில் அது குண்டுகளைக் கண்டுபிடித்தது. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. தலைமை வைத்தியரோ, குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட இடங்கொடுத்தார். செப்டம்பர் 19ஆம் தேதி ஜனாதிபதி மரித்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்புறத்தில் இருந்தது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைத் தேடுமுன்பே ஒருவர் தீர்மானித்துவிட்டால், எவ்வளவு நல்ல கருவியாலும் என்ன செய்ய முடியும்?

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய கருவியின் பொத்தான்களுக்கு வாருங்கள். இவற்றில் மிகவும் ஆசை காட்டுவதும், மிகவும் ஆபத்தானதும் ஒன்றே. அதற்கு டிஸ்கிரிமினேஷன் என்று பெயர். பிரித்தறிதல் என்று சொல்லலாம். பல கருவிகளில் ஒவ்வொரு உலோகத்துக்கும் 0 முதல் 99 வரை ஓர் எண் திரையில் தோன்றும். ஆணியும் கம்பியும் அடிமட்டத்தில் வரும். அலுமினியத் தாள் அதற்குச் சற்று மேலே. பருமனான வெள்ளி நாணயமும் செம்பும் உச்சியில். வேண்டாத எண்களை நாம் அணைத்துவைத்தால், அந்த உலோகத்தின்மேல் தட்டு கடந்து போனாலும் கருவி வாய்திறவாது. எவ்வளவு சௌகரியம்! ஆணிகள் நிறைந்த நிலத்தில் அமைதியாக நடக்கலாம்; குனியவும் தோண்டவும் தேவையில்லை.

சிக்கல் தங்கத்தில் இருக்கிறது. தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம்தான். ஆயினும் நம் கைக்கு வரும் தங்கம் செம்பும் பிறவும் கலந்தது. அதுவும் சிறிதும் மெல்லியதுமான உருவத்தில் வருகிறது. ஆகவே திரையில் அது வெள்ளி ரூபாயின் அருகே போய் நிற்பதில்லை. ஒரு மெல்லிய மோதிரம், கம்மல், மூக்குத்தி ஆகியவை காட்டும் எண்ணும், கசங்கிய மாத்திரை அட்டைத் தாள் காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஒலியும் ஒன்றே. குப்பையை அணைத்தால் தங்கமும் சேர்ந்து அணைந்துவிடும். இதற்கு மாற்று வழி இன்றுவரை எந்தக் கருவியிலும் முழுமையாக இல்லை. தங்கம் வேண்டுமானால் அலுமினியத் தாளையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நாணயத்திலும் நமக்கென்று ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. "நாணயம்" என்று ஒரு தயார் அமைப்பு இருந்தால், அது அவர்களுடைய செம்பு, நிக்கல், வெள்ளிக் காசுகளுக்கானது. நம் நாட்டிலோ 1992 தொடங்கி வந்த ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. அதில் 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கருவியின் கணக்கில் அது ஆணியின் இனம். சிலவேளை எண் நிலையில்லாமல் மேலுக்கும் கீழுக்கும் தாவும். பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் 5 பைசாவும் 10 பைசாவும் அலுமினியம். அவை வேறு கணக்கு. பித்தளை நிறத்து 5 ரூபாய்க் காசு தெளிவான ஒலியோடு வரும். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை. அதன் ஓசை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஆக, இரும்பை அணைத்துவைத்து நடக்கிறவர் இன்று நம் பையில் புழங்கும் காசின்மேலேயே நடந்து போனாலும் அறியமாட்டார்.

இங்கேதான் அந்த மோதிரத்தின் சங்கதி வருகிறது.

நம் பகுதியில் ஒரு சிற்றூரில், சாமைக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்த காலம். சபையின் மூத்த தாயார் ஒருவர், விதவை, தன் கணவர் கலியாணத்தின்போது அணிவித்த அரைப்பவுன் மோதிரத்தை விரலில் போடாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். விரல் மெலிந்துபோனதால் மோதிரம் கழன்று விழுமோ என்ற பயம். அதே முடிச்சில் சில ஒரு ரூபாய்க் காசுகளும் இருந்தன. மாலையில் வீடு திரும்பிப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அன்று அவரோடு ஒரே வரிசையில் களையெடுத்தவர் பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்த ஒரு பெண். அவரும் நம் சபையைச் சேர்ந்தவரே. நண்பகலில் தாயார் சற்றே கண்ணயர்ந்தபோது அருகில் இருந்தவரும் அவரே. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் யாரும் அந்தப் பெண்ணைக் களையெடுக்கக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை.

தாயாரின் மகன் என்னிடம் வந்தார். "அவங்க பைபிள்மேல கைவச்சு சத்தியம் பண்ணட்டும் ஐயா. பண்ணிட்டா நாங்க விட்டுர்றோம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. திருடாதவர் ஒருவரைத் திருடவில்லை என்று சத்தியம் செய்யவைப்பதே அவர்மேல் சுமத்தும் தண்டனை என்று சொன்னேன். நிலத்தைத் தேடினீர்களா என்று கேட்டேன். கண்ணால் தேடியிருந்தார்கள். இரண்டு மழை பெய்து, களைக்கொத்து புரட்டிய மண்ணில் கண்ணால் என்ன காண முடியும்?

சமவெளியில் வேலை செய்யும் நம் சபைத் தம்பி ஒருவர் தன் ஆசைக்காக ஒரு கருவி வாங்கி வைத்திருந்தார். அவரை வரச்சொன்னேன். காசுகளோடு சேர்ந்து விழுந்த மோதிரம் என்பதால், அவர் கருவியை "நாணயம்" என்ற தயார் அமைப்பில் வைத்து 40 சென்ட் நிலத்தையும் நடந்து முடித்தார். காலை முழுவதும் ஏறக்குறைய மௌனம். பாத்தி ஓரத்தில் ஒரு முறை ஒலித்தது. தோண்டினால் செப்புக் கம்பித் துண்டு. வரப்பில் நின்றுகொண்டிருந்த மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா ஐயா? நெலத்துல இல்ல. இருந்தா சத்தம் போட்டிருக்கும்ல."

அந்த நேரத்தில் அந்த நிலத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாருடைய மனதிலும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை நான் உணர்ந்தேன். கருவி என்றால் பொய் சொல்லாது. ஆகவே மோதிரம் நிலத்தில் இல்லை. ஆகவே அது யாரோ ஒருவரிடம் இருக்கிறது. நான் தம்பியிடம் ஒரு ரூபாய்க் காசை மண்மேல் போட்டுத் தட்டை அதன்மேல் நகர்த்தச் சொன்னேன். கருவி பேசவில்லை. மகன் முகத்தில் குழப்பம் தெரிந்தது. என் மனைவி தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார், அதுவும் அரைப்பவுன்தான். கண்ணெதிரே, வெயிலில் மின்னிக்கொண்டு, தட்டுக்கு நான்கு விரற்கடை கீழே கிடந்தது. அதன்மேலும் கருவி பேசாமல் கடந்து போயிற்று.

யாரும் சிறிதுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான் முதலில் சொன்னார்: "அணைச்சு வச்சிருக்கோம் ஐயா. அதான்."

பிறகு அவர் எல்லா உலோகத்தையும் கேட்கும் அமைப்புக்கு மாற்றினார். நிலம் பேசத் தொடங்கிற்று. அடிக்கு ஒரு ஒலி. ஆணி, லாடத் துண்டு, பாட்டில் மூடி, தேய்ந்த பேட்டரி, பூச்சிமருந்துப் பொட்டலத்தின் தாள், மாத்திரை அட்டைகள். இரண்டு நாளில் ஏறத்தாழ 60 குழி தோண்டினோம். சாமைப் பயிரின் வேர் கலையாதபடி சிறு கொத்தால் ஒவ்வொன்றாக. தோண்டியவர்களில் அந்த மகனும் ஒருவர்; கருவி மோதிரத்தின்மேல் பேசாமற் போனதைப் பார்த்தபின் அவரே கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் பிற்பகலில் இரும்பின் ஒலியோடு ஒரு ரூபாய்க் காசு வந்தது. துரு இல்லாத காசு. தம்பி அவ்விடத்திலேயே முழங்காலிட்டு, தட்டை மெதுவாகச் சுற்றி நகர்த்தினார். அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில், மாத்திரை அட்டைக்கு வந்த அதே எண்ணும் அதே ஒலியும். மோதிரம் மூன்று விரற்கடை ஆழத்தில் இருந்தது.

அன்று மாலையே தாயார் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்து போனார். நானும் உடன் போனேன். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார் அந்தப் பெண். தாயார் அழுதார். அந்தப் பெண் அழவில்லை. "கெடைச்சதுல சந்தோசம்தாம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கெடைக்காமப் போயிருந்தா, ஐயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இங்கே உங்கள்முன் வைக்கிறேன். என்னிடம் அதற்குச் சுருக்கமான பதில் இல்லை. அந்தத் தம்பிக்கு நேரமில்லாமற் போயிருக்கலாம். மோதிரத்தை மழைநீர் வாய்க்காலுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அப்போதும் அந்தப் பெண் குற்றமற்றவராகவே இருந்திருப்பார். நமக்குத்தான் அது தெரியாமற் போயிருக்கும்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன வெள்ளிக்காசின் உவமையை நீங்கள் சிறுவயது முதல் அறிவீர்கள். அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தத் திண்ணையிலிருந்து திரும்பிவந்து மறுபடி வாசித்தபோது ஒரு காரியம் கண்ணில் பட்டது. பத்தில் ஒன்றைத் தொலைத்த அந்த ஸ்திரீ விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கண்டுபிடிக்குமட்டும் தேடுகிறாள். வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று அவள் எண்ணிப் பார்த்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. காசு கிடைத்தபின் தோழிகளையும் அயலாரையும் சந்தோஷப்படக் கூப்பிடுகிறாள். இடைப்பட்ட நேரத்தில் அவர்களைச் சந்தேகித்திருந்தால் அந்த அழைப்புக்கு யார் வந்திருப்பார்கள்? பெருக்குதல் என்பதும் எல்லா உலோகத்தையும் கேட்கும் அமைப்பைப் போன்றதே. தூசு, தும்பு, உமி எல்லாம் துடைப்பத்தில் சேர்ந்துதான் வரும்.

தேடுகிறவர்களுக்கு உதவும் மற்ற சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன்.

நம் மலையின் செம்மண் சிவந்திருப்பதே இரும்பு ஆக்சைடினால். கருவிக்கு மண்ணே ஓர் உலோகம்போல் தோன்றும். இதைச் சரிசெய்வதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற அமைப்பு. உலோகம் இல்லாத ஓர் இடத்தைக் கண்டு, அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு, தட்டைத் தரையருகிலிருந்து ஒரு முழம் உயரம்வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மண்ணின் ஓசை அடங்கும்வரை செய்யுங்கள். ஒரு வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் மண் வேறுபடுமானால், இடம் மாறும்போது மறுபடியும் செய்யுங்கள். இந்த அமைப்பு இல்லாத மலிவான கருவிகளை வாங்கி வந்து, இங்கே ஒன்றும் கேட்கவில்லை என்று குறைசொல்வதில் பயனில்லை.

சென்சிட்டிவிட்டி என்பது கருவியின் செவிக்கூர்மை. அதை உச்சத்தில் வைத்தால் ஆழம் கிடைக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மின்கம்பியின் கீழும், செம்மண் மிகுந்த இடத்திலும் உச்சத்தில் வைத்தால் கருவி பிதற்றத் தொடங்கும். அந்தப் பிதற்றலுக்குள் உண்மையான ஒலி மூழ்கிப்போகும். பிதற்றல் நிற்கும்வரை குறைத்து, அங்கே நிறுத்துங்கள். கைபேசியை வரப்பில் வைத்துவிடுங்கள்.

அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால், மூக்குத்தி, கம்மல்போன்ற சிறு தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை உதவும். பருமனான வெள்ளிக்கும் ஆழத்துக்கும் தாழ்ந்தது உதவும். சங்கிலி தொலைந்தால் தேடுவது மிகக் கடினம் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். ஐந்து பவுன் சங்கிலியானாலும் கருவிக்கு அது ஒரு பெரிய பொருளாகத் தெரியாது. தனித்தனிக் கண்ணிகளாகவே தெரியும். கொக்கியோ தாலியோ குண்டோதான் ஒலிக்கும். உடைந்து வாய்பிளந்த மோதிரமும் அப்படியே. வளையம் முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் சுற்றிவரும். வாய் திறந்த மெட்டி, வெள்ளியே ஆனாலும், தாழ்ந்த எண்ணையே காட்டும்.

தட்டைத் தரைக்கு இணையாக, மிக அருகில், மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியையாவது மூடட்டும். அரிவாள் வீசுவதுபோல் முனையில் மேலே தூக்காதீர்கள். நிலத்துக்குக் கயிறு கட்டிப் பாத்தி பிரித்துக்கொள்வது நல்லது. இவை எல்லாவற்றுக்கும் முன், தொலைந்த பொருளைப் போன்ற ஒன்றைக் கண்ணெதிரே போட்டுச் சோதியுங்கள். அது ஒலிக்காத அமைப்பில் ஒரு அடிகூட நடக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 1992 நவம்பர் 16ஆம் தேதி நடந்ததை வாலிபர்களுக்காகச் சொல்கிறேன். ஹாக்ஸ்னே என்ற கிராமத்தில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் கருவியோடு அதைத் தேடப் போனார். அகப்பட்டது ரோமர் காலத்துப் புதையல். தங்கமும் வெள்ளியுமாக ஏறத்தாழ 15,000 நாணயங்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் தோண்டியதும் அது என்னவென்று உணர்ந்து, நிறுத்திவிட்டு, அதிகாரிகளுக்கும் தொல்லியலாளருக்கும் சொல்லியனுப்பினார். அதனால் பொருள்கள் புதைக்கப்பட்ட ஒழுங்கு கலையாமல் கிடைத்தது. தேடப் போன சுத்தியலும் பின்பு கிடைத்தது. அதுவும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுத்தியல் இரும்பு என்பதால் அவர் இரும்பை அணைத்துவைத்திருக்க முடியாது. இது என் ஊகமே.

எல்லா ஒலிக்கும் குனிவது சலிப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இலங்கையின் வடபகுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை முகமாலைபோன்ற இடங்களில் அகற்றும் பணியில் நம் தமிழ்ச் சகோதரிகள் பலர் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களிடமும் இதே தத்துவத்தில் இயங்கும் கருவிதான். கண்ணிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கக்கூடும் என்பதால் பிரித்தறியும் அமைப்பை நம்பி எதையும் விட்டுச்செல்ல அவர்களுக்கு இடமில்லை. ஆணியோ, தோட்டாவின் வெற்றுக்கூடோ, தகரத் துண்டோ, ஒலித்த ஒவ்வொன்றையும் முழங்காலிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை விலக்கிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நாளில் சில சதுரமீட்டர் நிலமே முடியும். அவர்கள் "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொன்னபின்புதான் அந்நிலத்துக்குரிய குடும்பங்கள் அதன்மேல் காலூன்றுகின்றன. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை.

அந்தத் தம்பி தன் கருவியைச் சபையிலேயே விட்டுவைத்திருக்கிறார். தொலைத்தவர்கள் யாராயிருந்தாலும், எந்தச் சபையாராயிருந்தாலும், எந்த மார்க்கத்தாராயிருந்தாலும், வாடகை இல்லாமல் எடுத்துச்செல்லலாம். அதற்குமுன் பழகிக்கொள்வதற்காக ஆலயத்தின் பின்புறத்தில் ஒரு சிறு பாத்தி அமைத்திருக்கிறோம். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், வெள்ளி மெட்டி, ஆணி, பாட்டில் மூடி, மாத்திரைத் தாள் ஆகியவற்றை நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண்ணிட்ட மரக்குச்சி நட்டிருக்கிறோம். எந்த எண்ணின் கீழ் எது என்ற பட்டியல் என் மேசையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகியபின் ஒப்பிட்டுப் பாருங்கள். தங்கம் மட்டும் அந்தப் பாத்தியில் இல்லை. அதற்கு என் மனைவி தன் மோதிரத்தைக் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சோதனை முடிந்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாருங்கள்.